ஆற்றங்கரை யார் பெயரில் இருக்கிறது?

2020 செப்டம்பர் 3ஆம் தேதியைக் கம்போங் மேடான்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ரவாங் பக்கம் ஓர் ஆற்றில் கலந்த கழிவின் வாடையால், சுங்கை சிலாங்கூர் தண்ணீரை எடுக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. கோவிட் காலம் வேறு. கையைக் கழுவு, கழுவு என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் ஓடாத அடுக்குமாடிகளில் பெண்கள் நாலாவது மாடிக்கு வாளி தூக்கினார்கள். வாடகைக் கார் ஓட்டுபவர், துப்புரவு வேலைக்குப் போகிறவர், இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் எல்லாரும் லாரி எப்போது வரும் என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று கோபமெல்லாம் தொழிற்சாலைமேல் போனது. போக வேண்டியதுதான். ஆனால் நம் குழாய் நிற்பதற்குத் தொழிற்சாலைக் கழிவு மட்டும் காரணமில்லை. மலையில் கனமழை கொட்டி ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் இறங்கி வந்தாலும் நிற்கும். சேறு அளவுக்கு மீறினால் சுத்திகரிப்பு நிலையம் அதைத் தெளியவைக்க முடியாமல் உற்பத்தியைக் குறைத்துவிடும், சில நேரம் மூடியே விடும். மழை பெய்யாமல் போனாலும் நிற்கும். 1998இல் மாதக்கணக்கில் நடந்த தண்ணீர்ப் பங்கீட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2014இல் மறுபடியும் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் காற்று என்று ஓடியது. கழிவைக் கொட்டியவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தலாம். சேற்றையும் வறட்சியையும் எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

அந்த வேலையைச் செய்வது காடு. அதுவும் ஆறு பிறக்கும் இடத்திலும் ஆறு வரும் வழியிலும் இருக்கும் காடு. நீர்ப்பிடிப்புக் காடு என்று சொல்வது இதைத்தான்.

காடு என்றதும் மழையை அழைத்துவரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே எல்லாரும் சொல்கிறோம். விஷயம் அவ்வளவு நேரானதல்ல. மரமும் தண்ணீர் குடிக்கும். ஒரே இன மரத்தை நெருக்கமாக நட்டு வேகமாக வளர்த்தால் ஓடையில் நீர் குறையவும் செய்யலாம். காட்டின் உண்மையான உதவி மண்ணில் இருக்கிறது. உதிர்ந்த இலை, மட்கிய வேர், மண்புழு, கறையான் எல்லாம் சேர்ந்து மண்ணைப் பஞ்சு மாதிரி வைத்திருக்கின்றன. மழை அடித்தால் நீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்குகிறது. பிறகு மெல்ல மெல்ல ஓடைக்குக் கசிகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் நல்ல காட்டையும் சிதைந்த காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான். நல்ல காட்டில் மழை நேரத்துப் பாய்ச்சல் குறைவு, மழை விட்ட பிறகு வரும் நீர் அதிகம். சிதைந்த காட்டில் நேர்மாறு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையைப் போன்ற ஒன்றை எந்தக் காடும் முழுதாகத் தாங்கிக்கொள்ளாது. ஆனால் அன்று உலு லங்காட்டில் வீடுகளுக்குள் புகுந்தது தண்ணீர் மட்டுமல்ல. சேறும் மரக்கட்டைகளும் சேர்ந்து வந்தன. சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இருந்தால் அந்தச் சேறாவது குறையும்.

சரி, அந்தக் காடு யாருடையது? மலையுச்சியில் இருப்பது பெரும்பாலும் வன இலாகாவின் கையில். சிலாங்கூர் மாநிலப் பூங்கா என்ற பெயரில் ஒரு லட்சம் ஹெக்டருக்கும் மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் காப்பது அரசாங்கத்தின் வேலை. அதில் ஒரு துண்டைக் கழற்றி நெடுஞ்சாலைக்கோ வீடமைப்புக்கோ கொடுக்க நினைத்தால் கூச்சல் போடுவது நம் வேலை. ஆனால் ஆறு மலையிலிருந்து நேராகக் குழாய்க்குள் குதிப்பதில்லை. சுங்கை சிலாங்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. கோலகுபு பாருவின் மலையிலிருந்து இறங்கி, ராசா, பத்தாங் காலி பக்கத்து ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் பழைய பெயரில் சொல்லும் பெஸ்தாரி ஜெயா வரை வருகிறது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், சிறுதோட்டம், கம்போங், மணல் எடுத்த குட்டை. அந்தக் கரைகள் வன இலாகாவின் கையில் இல்லை. பல இடங்களில் யாரோ ஒருவருடைய கிராண்டுக்குள் இருக்கின்றன.

வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி ஒன்று உண்டு. ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரண்டு பக்கமும் 5 மீட்டர் விட வேண்டும். அகலம் கூடக் கூட ஒதுக்கும் கூடும். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில அரசு அந்த ஒதுக்கை நிலச் சட்டப்படி அரசிதழில் பதிவு செய்தால்தான் அது ஒதுக்கு. பதிவாகாத இடத்தில், செம்பனைக் கன்றைத் தண்ணீர் நனைக்கும் தூரத்தில் நட்டவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உரமும் களைக்கொல்லியும் அங்கிருந்தே ஆற்றில் இறங்கும். எனவே காட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் நில உடைமையாளரின் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். போராட்டம், மறியல், சட்டம் எல்லாம் இந்த இடத்தில் பாதி வழிதான் வரும். அவர் மனம் வைத்தால் ஒழிய, ஊராட்சி மன்றம் நட்ட கன்றை அடுத்த வாரமே புல்வெட்டி சாய்த்துவிடும்.

இதை இருபது ஆண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கும் ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நம் தோட்டத்து ரத்தத்துக்கு அந்த ஊர் அந்நியமே அல்ல. வால்பாறை.

ஆனைமலையின் மேல் சுமார் 220 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமி. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கண்ணுக்கெட்டிய தூரம் மழைக்காடு. அதை வெட்டியவர்கள் யார் என்பது பாலாவின் ‘பரதேசி’ படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2013இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம், அங்கே டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். தமிழில் இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தந்தார். கங்காணி, முன்பணம், மலேரியா, லயன் வீடு என்று ஒரு பக்கத்தை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் பந்திங், கோல சிலாங்கூர் என்று படிக்கலாம். அங்கே தேயிலை, இங்கே ரப்பர். காட்டை அழித்த கோடரி நம் தாத்தாக்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் வால்பாறையில் காடு முற்றாகப் போய்விடவில்லை. தேயிலைக்குச் சரிவராத செங்குத்துச் சரிவு, பாறை மேடு, ஓடைப் பள்ளம், ஏலக்காயும் காப்பியும் போட்டுப் பிறகு கைவிட்ட நிழல் காடு என்று துண்டு துண்டாக மிஞ்சியது. சில துண்டுகள் ஒரு ஹெக்டர்கூடத் தேறாது. சில நூறு ஹெக்டர் உள்ளவையும் உண்டு. அத்தனையும் தேயிலைக் கம்பெனிகளின் நிலத்துக்குள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம். ஆனால் நடுவில் இருக்கும் இந்தத் துண்டுகளுக்கு அரசு வனத்தின் பாதுகாப்பு கிடையாது. விறகு வெட்டினார்கள். உண்ணிச்செடி மண்டியது. காப்பிச் செடி காட்டுக்குள் புகுந்து தானாகவே பரவியது.

2000ஆம் ஆண்டையொட்டி மைசூரைத் தளமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் கம்பெனிகளிடம் தேயிலையைப் பிடுங்கச் சொல்லவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தேயிலை லாபம் தராத இடத்தை, கம்பெனிக்கே தலைவலியாக இருக்கும் இடத்தை அவர்கள் கேட்டார்கள். ஓடைக்கரை, சேற்றுப் பள்ளம், கைவிட்ட துண்டு. நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், வெட்டாமல் விடுங்கள், நாற்றும் உழைப்பும் நாங்கள் தருகிறோம் என்றார்கள். பாரி ஆக்ரோ, டாட்டா காபி போன்ற பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன.

ஏன் ஒப்புக்கொண்டன? கம்பெனி மனசாட்சியைப் பற்றி நான் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கணக்கு ஒத்துவந்தால் கம்பெனி அசையும். வெளிநாட்டில் தேயிலை விற்கச் சான்றிதழ் வேண்டும், அதில் இயற்கைக் காட்டைக் காக்கும் நிபந்தனை இருக்கிறது. இரண்டாவது, யானை. பகலில் ஒதுங்க மறைவிடம் இல்லாவிட்டால் அது லயன் வீட்டுப் பக்கம் வரும். நடு ஆற்றங்கரை மரக்கூட்டங்களை யானைகள் பகல் நேர ஒதுங்கிடமாகவும் வழியாகவும் பயன்படுத்துவதை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். கரையில் மரம் இருப்பது தோட்டத்துத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு. மூன்றாவது, ஓடையில் நீர் இருந்தால் தோட்டத்துக்கும் நீர்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மரம் நடு விழா என்றால் நமக்குத் தெரிந்தது பந்தல், ஒலிபெருக்கி, கையுறை போட்ட ஒரு டத்தோ, ஒரு போட்டோ. அங்கே முதல் வேலை விதை பொறுக்குவது. காட்டுச் சாலை ஓரத்தில் விழும் விதைகளைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். காட்டுக்குள் விழுந்தது காட்டுக்கே இருக்கட்டும், தாரில் விழுந்தது எப்படியும் சக்கரத்தில் நசுங்கப்போவதுதானே. நாற்றங்காலில் அந்த வட்டாரத்துக்கே உரிய நூற்றுக்கும் மேற்பட்ட மர வகைகள். காட்டுநாவல், வெடிப்பலா, கருங்குங்கிலியம் என்று போகிறது பட்டியல். சில விதைகள் முளைக்கவே மாதங்களாகும். நாற்று பையில் ஓரிரு வருடம் வளர்ந்த பிறகே நிலத்துக்குப் போகும்.

நடுவதற்கு முன் களை எடுக்க வேண்டும். உண்ணிச்செடியைக் கண்மூடித்தனமாக வெட்டித் தள்ளுவதில்லை. அதற்கு நடுவே தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளைத் தேடித் தேடி விட்டுவிட்டு மற்றதைத்தான் எடுக்கிறார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நடவு. அதோடு முடியவில்லை. இரண்டு, மூன்று வருடத்துக்குத் திரும்பத் திரும்பக் களையெடுப்பு. கொடி ஏறினால் கன்று போச்சு. நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. பிழைக்காத இடத்தில் மறுபடியும் நடுகிறார்கள். இந்தக் களையெடுப்புக்குப் பணம் ஒதுக்காத எந்த மரம் நடும் திட்டத்தையும் நான் நம்புவதில்லை. முதல் நாள் கன்றுக்கு நன்கொடையாளர் கிடைத்துவிடுவார். மூன்றாவது வருடத்து அரிவாளுக்குத்தான் யாரும் கிடைப்பதில்லை.

பலன் இருக்கிறதா? நட்டு ஏழு முதல் பதினைந்து வருடமான இடங்களைச் சும்மா விட்ட இடங்களோடும் சேதமாகாத காட்டோடும் ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நட்டுக் காத்த இடத்தில் மரங்களும் மர வகைகளும் கூடியிருந்தன, சேர்ந்திருக்கும் கரிமமும் அதிகம். பெரிய காட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் தனித்துக் கிடந்த துண்டோ, அங்கே நட்டதன் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் காடு இருந்தால் பறவையும் மரநாயும் விதை கொண்டுவரும், தனித்த துண்டுக்கு மனிதன்தான் கொண்டுவர வேண்டும். ஆனாலும் பழைய காட்டின் அளவை எட்ட இன்னும் வெகுதூரம் இருக்கிறது. இதையும் மறைக்காமலே எழுதியிருக்கிறார்கள். நூறு வருடத்தில் வளர்ந்த மரத்தைப் பதினைந்து வருடத்தில் யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால் இருக்கும் துண்டை வெட்டாமல் விடுவதுதான் முதல் வேலை, நடுவது அதற்கப்புறம்.

வால்பாறைக்காரர்கள் முதலில் நினைத்தது சோலைமந்தி, இருவாச்சி, யானை இவற்றைத்தான், தண்ணீரை அல்ல. ஆனால் அந்த மலையில் பெய்யும் மழைதான் சோலையாறு, நீராறு அணைகளில் தேங்கி, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. கீழே தென்னை போட்டிருக்கும் விவசாயிக்கும், மேலே தேயிலைக் கம்பெனிக்கும், ஓடைக்கரையில் கிடக்கும் அந்தத் துண்டுக் காட்டுக்கும் இருக்கும் உறவு எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாதது.

இந்த முறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. கையெழுத்து ஒப்பந்தம் சட்டமல்ல. கம்பெனி கைமாறினால் புதிய முதலாளியிடம் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும். தேயிலை நட்டத்தில் போனால் நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்க யாராவது வந்து நிற்பார்கள். வால்பாறையில் துண்டுக் காடுகள் இன்றும் இருப்பதற்குப் பெரிய காரணம் தோட்டம் தோட்டமாகவே இருப்பது.

நமக்கு நடந்தது வேறு. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேவும் சீஃபீல்டு தோட்டம். புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டம். தோட்டம் விற்கப்பட்டபோது லயன் வீடு போனது, கோயில் போனது, தமிழ்ப்பள்ளி இடம் மாறியது. அதைப் பற்றி நாம் நிறைய எழுதியாகிவிட்டது, அழுதும் ஆகிவிட்டது. கூடவே போன இன்னொன்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. தோட்டத்து ஓடைகள். மீன் பிடித்த, துணி துவைத்த, தீமிதிக்குக் கரகம் பாலித்த அந்த ஓடைகள் இன்று கான்கிரீட் கால்வாய். மேம்பாட்டாளரின் வரைபடத்தில் அவற்றுக்கு எண் மட்டும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்து கம்போங் மேடான் போன்ற இடங்களில் குடியேறியவர்கள், அந்த ஓடைகள் கடைசியில் வந்து சேரும் சுங்கை கிள்ளானுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இன்னமும் வசிக்கிறார்கள். அந்த ஆற்றில் கால் நனைக்கத் துணிவார் யார்?

போனதைத் திருப்ப முடியாது. ஆனால் சுங்கை சிலாங்கூர் கரையில் தோட்டங்கள் இன்னும் தோட்டமாக இருக்கின்றன. நமக்கு ஒன்றரை மணி நேர கார் தூரத்தில் ஒரு முயற்சி நடந்துகொண்டும் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ராஜா மூசா வனக் காப்பகம். இது மலைக் காடல்ல, கரிச் சதுப்பு நிலக் காடு. மண்ணே தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. மழைக்காலத்தில் வாங்கிவைத்து வறண்ட காலத்தில் விடும். தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கும் அதனால் பலன். 1990இல் காப்பகமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு முன்பே மரம் எடுக்க வெட்டிய கால்வாய்கள் வழியே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே புகுந்து விவசாயமும் செய்தார்கள். காய்ந்த கரி மண்ணில் நெருப்பு விழுந்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகையும். நமக்கு மூச்சுத் திணறிய சில புகைமூட்டங்கள் சுமாத்ராவிலிருந்து வரவில்லை, இங்கிருந்தே வந்தன.

2008 முதல் சிலாங்கூர் வன இலாகாவும், பெட்டாலிங் ஜெயாவில் இருந்து இயங்கும் குளோபல் என்விரான்மென்ட் சென்டரும் அங்கே கால்வாய்களை அடைத்து மரம் நடுகின்றன. நாற்றுக்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். பக்கத்து கிராமத்து மக்களே வீட்டோரம் நாற்று வளர்க்கிறார்கள், திட்டம் அதை விலை கொடுத்து வாங்குகிறது. காடு எரிந்தால் நாற்று விற்கும் வருமானமும் எரியும் என்று ஆனபிறகு, புகை தெரிந்ததும் முதலில் போன் செய்வது பக்கத்து வீட்டுக்காரர்தான். காப்பக எல்லையைத் தொட்டுக்கொண்டு செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் பக்கத்து வாய்க்காலில் நீர்மட்டத்தை மிகவும் இறக்கிவிட்டால் காட்டுக்குள் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து வடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் இந்தப் பக்கத்துக் காட்டை நனைத்து வைக்க முடியாது. வார இறுதியில் மரம் நடத் தன்னார்வலர்களையும் அழைக்கிறார்கள். அலுவலக நண்பர்களோடு எங்கே போகலாம் என்று யோசிக்கும் இளையவர்கள் ஒரு முறை போய் வரலாம். முழங்கால்வரை சேறு இலவசம்.

பணத்துக்கு வருகிறேன். நியூயார்க் நகரம் 1990களில் ஒரு முடிவெடுத்தது. வடிகட்டும் ஆலை கட்டப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று கணக்கு வந்தபோது, அதில் ஒரு பகுதியை ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் செலவிடலாம் என்று 1997இல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஓடைக்கரையில் வேலி போட, மாட்டுச் சாணத்தைச் சரியாக வைக்க, கரையில் மரம் வளர்க்க நகரமே பணம் கொடுக்கிறது. விரும்பியவர் மட்டும் நிலத்தை விற்கலாம், கட்டாயம் இல்லை. கால் நூற்றாண்டாக ஓடுகிறது.

நம் நாட்டிலும் பணம் நகரத் தொடங்கியிருக்கிறது. காட்டை வைத்திருக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் தனியாக ஒதுக்கீடு தருகிறது. முதலில் 60 மில்லியன் ரிங்கிட், 2025 பட்ஜெட்டில் 250 மில்லியன். நல்லது. ஆனால் அது மாநில அரசுக்குப் போகும் பணம். ஆற்றங்கரையில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் கரையோரம் இரண்டு வரிசை செம்பனையை விட்டுக்கொடுத்தால் அவர் கைக்கு என்ன வரும்? இரண்டு வரிசை என்பது அவருக்கு மாதச் செலவில் ஒரு பங்கு. அதற்கு ஈடு தராமல் ‘இயற்கையை நேசியுங்கள்’ என்று அவரிடம் போய்ச் சொல்வது நியாயமில்லை. நம் தண்ணீர்க் கட்டணத்தில் சில காசு இதற்கென்று ஒதுங்கினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன், அந்தக் காசு கரைக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினால்.

பெரிய தோட்டங்களின் கதை வேறு. அங்கே கேட்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. செம்பனை மரத்தை ஏறக்குறைய 25 வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். நிற்கும் மரத்தை வெட்டு என்றால் எந்த மேனேஜரும் கேட்கமாட்டார். மறுநடவின்போது கரையோர வரிசைகளை மட்டும் திரும்ப நடாமல் விடு என்றால் கேட்க வாய்ப்பிருக்கிறது. செம்பனைச் சான்றிதழ் விதிகளும் மறுநடவு நேரத்தில் ஆற்றோர ஒதுக்கை மீட்கவே சொல்கின்றன. ஒரு தோட்டத்தில் அந்த நேரம் தவறினால் அடுத்த வாய்ப்பு இன்னொரு 25 வருடத்துக்குப் பிறகுதான். இன்று பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் தாய் அப்போது பாட்டி.

இங்கே நாம் கைகட்டிப் பார்க்கும் மூன்றாம் மனிதர்கள் அல்ல. 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, அது யாருடையது? மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளியுடையது. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதில் தொடங்கி இன்று நாட்டின் பல இடங்களில் செம்பனை நிலம் வைத்திருக்கிறது. கம்போங் மேடானில் பத்து வீட்டில் கேட்டால் தாத்தா பெயரிலோ அப்பாயி பெயரிலோ ஒரு பங்குப் பத்திரம் பீரோவுக்குள் கிடக்கும். காட்டை வெட்டியபோது நம்மவருக்கு அதில் பங்கில்லை என்றேன். இந்த நிலத்தில் இருக்கிறது. வால்பாறையில் யாரோ ஒரு கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது, இங்கே வாசலுக்கு உள்ளே இருப்பவர்களில் நாமும் ஒருவர்.

ஆண்டுக் கூட்டத்துக்குப் போனால் லாப ஈவு எவ்வளவு என்ற கேள்வி எப்படியும் வரும், வரட்டும். அதற்குப் பிறகு எழுந்து இதையும் கேளுங்கள்: நம் தோட்டங்களில் ஆறோ ஓடையோ ஓடுகிறதா? கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி முதல் செம்பனை நிற்கிறது? அந்தப் பகுதிக்கு மறுநடவு எந்த வருடம்? செம்பனைக்குப் பதில் கரையில் நெராம் போன்ற நம் ஆற்றோர மரங்களை நட நாற்று எங்கே கிடைக்கும், மூன்று வருடக் களையெடுப்புக்கு எவ்வளவு ஆகும்? பதில் உடனே வராமல் போகலாம். வர வேண்டுமானால் யாராவது ஒருவர் அளவு நாடாவோடு கரையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.